குளோவருக்குப் பதில் என்ன போடலாம்? தீவனக் கேள்வி பதில்

செபராங் பிறையில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

அண்ணே, நியூசிலாந்து மாடுகள் மேயும் வெள்ளைக் குளோவர் விதையை வாங்கிப் போட்டேன். முளைத்து மூன்று வாரத்தில் கருகிவிட்டது. என்ன தப்பு செய்தேன்? (புக்கிட் மெர்தாஜாம்)

உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி. அது 20, 25 டிகிரியில் செழிக்கிற குளிர்நாட்டுப் பயிர். பினாங்கில் பகலில் 32 டிகிரி அடிக்கிறது. இரவிலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. வட இந்தியாவில்கூட பெர்சீம் என்ற குளோவரைக் குளிர்காலப் பயிராகத்தான் போடுகிறார்கள். நம் மண்ணின் புளிப்பும் அதற்கு ஆகாது.

முயல் மசால் (ஸ்டைலோ) என்ற தீவனச் செடியைப் போடுங்கள். புளிப்பு மண்ணைத் தாங்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்துக்கொள்ளும். ரப்பர் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே தரை மூடப் படரவிட்ட சென்ட்ரோ, பியூராரியா கொடிகளும் இதே அவரைக் குடும்பம்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொடிகள் நினைவிருக்கும்.

முயல் மசால் விதைத்தேன் ஐயா, பாதிகூட முளைக்கவில்லை. (நிபோங் திபால்)

விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சுடுநீரில் 4 நிமிடம் வைத்து, அப்புறம் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு விதையுங்கள். முதல் அறுப்புக்கு 75 நாளாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகு போன்ற முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் நைட்ரஜன் சேர்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் குளிரும்.

சாலையோரச் சவுண்டல் தழையை ஆட்டுக்குப் போடலாமா? (பட்டர்வொர்த்)

போடலாம் அக்கா, புரதம் நிறைந்த தழை. ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அளவு மீறினால் முடி கொட்டும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். களைமருந்து அடித்த இடத்தில் மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள்.

குளோவர் தின்ற மாடு வயிறு ஊதிச் செத்துவிடுமாமே, முயல் மசாலும் அப்படியா? (ஜாவி)

இளங்குளோவரின் புரதம் வயிற்றில் நுரையாகத் திரண்டு, வாயு ஏப்பமாக வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். முயல் மசாலில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. இருந்தாலும் மூன்று பங்கு நேப்பியர் புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் என்று கலந்து, ஒரு வாரத்தில் மெல்லப் பழக்குங்கள். எந்தத் தீவனமானாலும் இடது விலாப்பள்ளம் புடைத்து, மாடு மூச்சுக்குத் திணறினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.