எடுத்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு: பேஸ்பால் கேள்வி பதில்

மேனேஜர் (மேட்ச்ல யாரை இறக்கறது, யாரை எடுக்கறதுன்னு சொல்றவர்) முடிவு, ட்ரேட் (டீமுங்க ஆளை மாத்திக்கறது), டீம் விசுவாசம், எதை வேணா கேளுங்கன்னு போன தடவை வாய்விட்டுட்டேன். வந்து குவிஞ்சதுல பாதி கேள்வியே இல்ல, வெறும் புலம்பல். மிச்சத்துக்கு பதில் இதோ.

கேள்வி: 2020 வேர்ல்ட் சீரீஸ் (கப்பு யாருக்குன்னு முடிவு பண்ற கடைசி தொடர்) ஆறாவது மேட்ச்ல எங்க பிட்சர் (பந்து போடறவர்) ப்ளேக் ஸ்னெல்லை வெளிய எடுத்தாரே மேனேஜர் கெவின் கேஷ், எனக்கு இன்னும் மனசு ஆறல சார். உங்களுக்கு ஆறிடுச்சா?
*டாம்பா பே ரேஸ் ரசிகர்*

எனக்கு எதுக்குங்க ஆறணும், நான் ரேஸ் ஆளே இல்ல. ஆனா அன்னைக்கு நானும்தான் கத்துனேன். ஆறாவது இன்னிங்ஸ், ரேஸ் 1-0ன்னு முன்னாடி நிக்கறாங்க, ஸ்னெல் போட்டது 73 பந்துதான், 9 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை பந்தாலேயே அவுட் பண்றது), மொத்தமே ரெண்டு ஹிட், அதுல ரெண்டாவது அப்பத்தான் விழுந்த ஒரு சாதா சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் ஓடற அடி, பேஸ்னா ஓட வேண்டிய நாலு மூலையில ஒண்ணு), அதுக்குள்ள கேஷ் டக்அவுட் (டீம் உக்கார்ற இடம்) படியேறி வர்றார். ஸ்னெல் மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு. அடுத்து வர வேண்டியது எதிர் டீம் டாட்ஜர்ஸோட மூக்கி பெட்ஸ். அன்னைக்கு பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு தடவை ஸ்னெல்லை பாத்து ஆறு தடவையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தாங்க. ஸ்னெல் போனதுல எனக்கு சந்தோஷம்தான்னு பெட்ஸே அப்புறம் சொன்னார், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆனா கேஷ் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரே பிட்சரை ஒரே ராத்திரியில மூணாவது தடவை பாக்கும்போது பேட்டருக்கு கை பழகிடும், இது நிறைய வருஷத்துக் கணக்கு. அந்த சீசன் பூராவும் ஸ்னெல் ஒரு மேட்ச்ல கூட ஆறு இன்னிங்ஸ் முழுசா போட்டதில்ல. காசு கம்மியா இருக்கற அந்த டீமை வேர்ல்ட் சீரீஸ் வரைக்கும் கூட்டிட்டு வந்ததே இந்தக் கணக்குதான், அதை கடைசி மேட்ச்ல மட்டும் தூக்கிப் போடுன்னா எப்படி?

அதனால எடுத்ததை விடுங்க, உள்ள விட்டது யாரைங்கறதுதான் எனக்கு உறுத்தல். நிக் ஆண்டர்சன் நல்ல ரிலீவர் (நடுவுல வந்து பந்து போடற பிட்சர்), சந்தேகமே இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி ப்ளேஆஃப்ல (கப்புக்கான கடைசிக் கட்ட மேட்சுங்க) வரிசையா ஆறு தடவை வந்து ஆறு தடவையும் ரன் கொடுத்திருந்தார். கணக்கு பாக்கற டீம் அதையும் பாத்திருக்கணும்ல? வந்ததும் பெட்ஸ் டபுள் (ரெண்டு பேஸ் ஓடற அடி) அடிச்சார், அப்புறம் ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சர் கைக்கு அடங்காம போற பந்து), ஸ்கோர் சமம், கொஞ்ச நேரத்துல பெட்ஸும் ஹோமுக்கு ஓடி வந்துட்டார். 3-1ல டாட்ஜர்ஸ் கப்பை தூக்கிட்டாங்க.

இதுல என் வண்டவாளம் ஒண்ணு இருக்கு. 2003ல வேர்ல்ட் சீரீஸுக்குப் போறது யார்ங்கற ரெட் சாக்ஸ்-யாங்கீஸ் ஏழாவது மேட்ச், எட்டாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 5-2. ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸ் களைச்சுப் போயிட்டார்னு டிவியில பாக்கற எனக்கே தெரியுது. மேனேஜர் க்ரேடி லிட்டில் நடந்து வந்தார், பெட்ரோகிட்ட ரெண்டு வார்த்தை பேசினார், அவரை அங்கேயே விட்டுட்டு திரும்பிப் போயிட்டார். அப்ப நான் "எடுய்யா அவரை, எடுய்யா"ன்னு கத்துனேன். 2020ல "எடுக்காதய்யா, எடுக்காதய்யா". ரெண்டும் இதே வாய்தான். பெட்ரோவை நம்பி விட்டு மேட்சையும் தோத்த லிட்டிலுக்கு அடுத்த வருஷம் வேலை இல்ல. ஸ்னெல்லை எடுத்த கேஷுக்கு ரெண்டு வாரத்துல அந்த வருஷத்தோட சிறந்த மேனேஜர் விருது! (ஓட்டுப் போட்டது ப்ளேஆஃபுக்கு முன்னாடிங்க, அடிக்க வராதீங்க.)

கேள்வி: கிரிக்கெட் பாத்து வளந்தவன் நான். எடுத்த பிட்சரை ரெண்டு ஓவர் கழிச்சு திரும்ப கொண்டு வந்தா முடிஞ்சு போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?
*புது ரசிகர்*

அங்கதான் தம்பி விஷயமே இருக்கு. மேட்சை விட்டு வெளிய போனவன் அன்னைக்கு போனவன்தான், பிட்சரா இருந்தாலும் பேட்டரா இருந்தாலும் திரும்பி வர முடியாது. ரிலீவரை அவசரமா மாத்தவும் வழி இல்ல, 2020லருந்து உள்ள வர்ற பிட்சர் குறைஞ்சது மூணு பேட்டரையாவது பாக்கணும், இல்ல அந்த இன்னிங்ஸை முடிக்கணும். கிரிக்கெட்ல கேப்டன் தப்பு பண்ணா அடுத்த ஓவர்ல திருத்திக்கலாம், இங்க ஒரே கையெழுத்து, அழிக்க ரப்பர் கிடையாது.

கேள்வி: மேனேஜர்ங்க ஏன் வயசான காலத்துல ப்ளேயர் மாதிரியே யூனிஃபார்ம் போட்டுட்டு உக்காந்திருக்காங்க?
*தொப்பை உள்ள வாசகர்*

பழக்கம்தான். ஃபிலடெல்ஃபியா ஏ'ஸ் (அத்லெடிக்ஸ்) டீமை 1901லருந்து 1950 வரைக்கும் அம்பது சீசன் நடத்துன கானி மேக் கோட்டு சூட்டு போட்டுட்டுதான் டக்அவுட்ல உக்காருவார். டீம்ல அவருக்கு பங்கும் இருந்துச்சு, அதனால வேலையை விட்டுத் தூக்கவும் ஆள் இல்ல. குடுத்து வெச்ச மனுஷன்.

கேள்வி: அண்ணா, 2024 வேர்ல்ட் சீரீஸ் முதல் மேட்ச்ல பிட்சர் நெஸ்டர் கோர்ட்டஸை இறக்குனது எங்க மேனேஜர் ஆரன் பூன் பண்ண பாவம்ங்கறேன் நான். எங்க வீட்டுக்காரர் முடிவு சரி, விதி தப்புங்கறார். தீர்ப்பு சொல்லுங்க.
*யாங்கீஸ் குடும்பத் தலைவி*

தீர்ப்பு சொல்லி உங்க வீட்டு சோத்துல மண்ணு போட மாட்டேன்மா, ஆனாலும் பாப்போம். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2, ஒரு அவுட், ரெண்டு பேஸ்ல ஆள், வர்றது டாட்ஜர்ஸோட ஷோஹெய் ஒட்டானி. கோர்ட்டஸ் கை வலியால செப்டம்பர் 18க்கு அப்புறம் மேட்ச்ல பந்தே போடாதவர். பக்கத்துலயே டிம் ஹில்லும் தயாரா கை சூடு பண்ணிட்டு இருந்தார். அப்படியும் கோர்ட்டஸ்னா, உங்க கோவம் நியாயம்தான்.

ஆனா முதல் பந்துலயே ஒட்டானி அவுட்! யாங்கீஸோட அலெக்ஸ் வெர்டூகோ ஓடிப் போய் கேட்ச் புடிச்சு ஆடியன்ஸ் பக்கம் குப்புற விழுந்தார். அவர் உள்ள விழுந்ததால ரூல்படி ரன்னர் ரெண்டு பேரும் ஒரு பேஸ் முன்னாடி போயிட்டாங்க, முதல் பேஸ் காலி, சரின்னு பெட்ஸை வேணும்னே வாக் (அடிக்க விடாம முதல் பேஸுக்கு) அனுப்பிட்டு கணுக்கால் அடிபட்டிருந்த ஃப்ரெடி ஃப்ரீமேன்கூட மோதிப் பாக்கலாம்னு முடிவு. இடது கை பேட்டருக்கு இடது கை பிட்சர், புஸ்தகத்துல இருக்கற கணக்குதான். அடுத்த பந்து ஸ்டாண்டுக்குள்ள. வேர்ல்ட் சீரீஸ் சரித்திரத்துலயே மேட்சை முடிச்சு வெச்ச முதல் க்ராண்ட் ஸ்லாம் (மூணு பேஸ்லயும் ஆள் இருக்கும்போது அடிக்கற ஹோம் ரன்). கோர்ட்டஸ் போட்டது மொத்தமே ரெண்டு பந்து, ஒண்ணுல பூன் மேதை, இன்னொண்ணுல முட்டாள்.

இன்னொரு கூத்து, 2003ல லிட்டில் பெட்ரோவை விட்டுட்டுப் போனாரே, அந்த மேட்சை பதினொண்ணாவது இன்னிங்ஸ்ல ஹோம் ரன் அடிச்சு முடிச்சது யாரு? இதே ஆரன் பூன். அடுத்தவன் முடிவுல வாழ்ந்தவருக்கு தன் முடிவுல வந்து சேந்துச்சு. உங்க வீட்டுக்காரர் விதிங்கறது ஒருவேளை இதைத்தானோ என்னவோ.

கேள்வி: 2020 பிப்ரவரியில மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு வித்த அன்னைக்கு என் பையனுக்கு ஒம்பது வயசு. ரெட் சாக்ஸ் தொப்பியை கழட்டி வெச்சவன் இன்னிக்கு வரைக்கும் போடல, டாட்ஜர்ஸ் பக்கம் போயிட்டான். இது துரோகம் இல்லையா சார்? நான் 1986 வேர்ல்ட் சீரீஸ் தோல்வியையே தாங்குனவன்.
*பாஸ்டன் அப்பா*

துரோகம் பண்ணது யாருங்க, பையனா? அவன் அங்கேயேதானே உக்காந்திருந்தான், ஆளை அனுப்புனது டீம். 27 வயசு, எம்விபி (லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்குனவர், 2018ல கப்பு ஜெயிச்சுக் கொடுத்தவர். அவரையும் டேவிட் ப்ரைஸையும் அனுப்பிட்டு வாங்குனது வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். (ஆமா, மேல குப்புற விழுந்தாரே, அதே வெர்டூகோதான், யாங்கீஸுக்கு போறதுக்கு முன்னாடி இப்படித்தான் பாஸ்டன் வந்தார்.) அந்த வருஷ அக்டோபர்லயே பெட்ஸ் கையில கப்பு.

ஆனா உங்களைக் கேக்கறேன், 2004 ஜூலை 31 ஞாபகம் இருக்கா? உங்க ஸ்டார் நோமர் கார்சியபாராவை அப்ப ஜெனரல் மேனேஜரா (ஆளை வாங்கி அனுப்பறவர்) இருந்த தியோ எப்ஸ்டைன் கப்ஸுக்கு அனுப்புனப்ப ஊரே ஒப்பாரி வெச்சுச்சு. பாஸ்டன்ல பாதி பசங்க முதுகுல 5ம் நம்பர் போட்டுட்டு திரிஞ்ச காலம். மூணே மாசத்துல யாங்கீஸ்கிட்ட 0-3ன்னு பின்னாடி இருந்து நாலையும் ஜெயிச்சு, 1918க்கு அப்புறம் முதல் கப்பு வந்துச்சு, நோமருக்கு பதிலா வந்த ஆர்லாண்டோ கப்ரேராவை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுனீங்க. அன்னைக்கு ஒருத்தராவது எப்ஸ்டைனை துரோகின்னீங்களா? கப்பு வந்தா ராஜதந்திரம், வரலைன்னா துரோகம். பையனோட கணக்கு உங்களோடதை விட நேர்மையா இருக்குங்க, அவனுக்கு பெட்ஸைப் புடிக்கும், பெட்ஸ் எங்கயோ அவன் அங்க. தொப்பியை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அலமாரியில இருக்கட்டும்.

கேள்வி: டெட்ராய்ட் டைகர்ஸ் பண்ண ஜான் ஸ்மோல்ட்ஸ் ட்ரேட்தான் உலகத்துலயே மடத்தனமான ட்ரேட். ஒத்துக்கறீங்களா?
*மிச்சிகன் வாசகர்*

ஒத்துக்க மாட்டேன், திட்டிக்கோங்க. 1987 ஆகஸ்ட்ல டைகர்ஸுக்கு அவசரமா ஒரு பிட்சர் தேவை, வந்தது டாயில் அலெக்சாண்டர், பதிலுக்கு அட்லாண்டாவுக்குப் போனது மைனர் லீக்ல (கீழ்மட்ட லீக்) இருந்த 20 வயசுப் பையன் ஸ்மோல்ட்ஸ், அதுவும் மிச்சிகன் பையன். அலெக்சாண்டர் 9 ஜெயிச்சார், ஒண்ணுகூட தோக்கல, ரெண்டே மேட்ச் வித்தியாசத்துல டொரோண்டோவை முந்தி டிவிஷனை (லீக்ல அவங்க பிரிவு) ஜெயிச்சாங்க. அவர் இல்லாம அது நடந்திருக்காது. ப்ளேஆஃப்ல அவரே ரெண்டு மேட்ச் தோத்தார்ங்கறது தனிக்கதை. அந்தப் பையன் அட்லாண்டாவுல 200 மேட்சுக்கு மேல ஜெயிச்சு, 150க்கு மேல சேவ் (ஜெயிச்சுட்டு இருக்கற மேட்சை கடைசியில வந்து காப்பாத்தறது) எடுத்து, 2015ல ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள (பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியல்) போயிட்டான். காசு கொடுத்து வாங்குன சாமான் சரியாத்தான் வேலை செஞ்சுச்சு, கொடுத்த காசு பின்னாடி தங்கமா மாறிடுச்சு, அவ்வளவுதான்.

மடத்தனம்தான் வேணும்னா கப்ஸ்கிட்ட போங்க. 1964 ஜூன்ல லூ ப்ராக்கை கொடுத்துட்டு எர்னி ப்ராக்லியோவை வாங்குனாங்க. ப்ராக் அதே வருஷம் கார்டினல்ஸோட வேர்ல்ட் சீரீஸ் ஜெயிச்சார், ப்ராக்லியோ கப்ஸுக்காக ஜெயிச்ச மொத்த மேட்ச் ஏழு.

கேள்வி: ஆட்டை மாட்டை விக்கற மாதிரி ஆளை விக்கறாங்களே, ப்ளேயர் மாட்டேன்னு சொல்ல முடியாதா?
*கோவக்கார வாசகி*

இதே கேள்வியைத்தான் மேடம் கர்ட் ஃப்ளட் கேட்டார். 12 வருஷம் கார்டினல்ஸுக்கு ஆடுனவரை 1969ல ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் பண்ணாங்க, நான் வாங்கி விக்கற சொத்து இல்லன்னு கமிஷனருக்கு கடிதம் எழுதி கோர்ட்டுக்குப் போயிட்டார். 1970 சீசன் பூரா ஆடல. 1972ல சுப்ரீம் கோர்ட் 5-3ன்னு அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு, அவர் ஆட்டம் அதுக்கு முன்னாடி 1971லயே முடிஞ்சு போச்சு. ஆனா அடுத்த வருஷமே புது விதி வந்துச்சு, லீக்ல பத்து வருஷம், அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்ல இருந்தவர் ட்ரேட் வேண்டாம்னு தடுக்கலாம். அதை முதல்ல எடுத்து வீசுனது கப்ஸோட ரான் சாண்டோ, கலிஃபோர்னியா போக மாட்டேன்னுட்டு அதே சிகாகோவுல ஒயிட் சாக்ஸுக்கு போனார். கேஸ் போட்டவருக்கு ஒண்ணும் கிடைக்கல, கூட இருந்தவங்களுக்கு எல்லாம் கிடைச்சுது.

கேள்வி: ட்ரேட் பண்ணா ஆள்தான் போறான். எங்களுக்கு டீமே போயிடுச்சு சார். நான் இன்னும் ஏ'ஸ் ரசிகன்னு சொல்லிக்கலாமா?
*ஓக்லாண்ட்லருந்து ஒருத்தர்*

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். 2023 ஜூன் 13, ரசிகர் இல்லாததாலதான் டீம் போகுதுங்கற பேச்சுக்கு பதில் சொல்ல, ஓனரைப் பாத்து 'வித்துடு'ன்னு எழுதுன பச்சை டீ ஷர்ட் போட்டுக்கிட்டு 27,759 பேர் வந்து உக்காந்தீங்க. மேட்சையும் 2-1ன்னு ஜெயிச்சாங்க. 2024 செப்டம்பர் 26, ஓக்லாண்ட்ல கடைசி மேட்ச்க்கு 46,889 பேர். அதுக்கு மேல ஒரு ஊர் என்ன செய்யும்? இப்ப வெஸ்ட் சாக்ரமெண்டோவுல ஒரு மைனர் லீக் மைதானத்துல ஆடிட்டு இருக்காங்க, அடுத்து லாஸ் வேகாஸ்ங்கறாங்க. கானி மேக்கோட டீம்தான் இது, ஃபிலடெல்ஃபியாவுல இருந்து கன்சாஸ் சிட்டி, 1968ல ஓக்லாண்ட். உங்களுக்கு டீம் கிடைச்ச அன்னைக்கு கன்சாஸ் சிட்டியில ஒருத்தர் உங்களை மாதிரியே கடிதம் எழுதியிருப்பார்.

சொல்லிக்கலாம்ங்க. ஆனா டிக்கெட் வாங்காதீங்க.

கேள்வி: நான் ரெட் சாக்ஸ், அவ யாங்கீஸ். கல்யாணம் பண்ணிக்கலாமா அண்ணா?
*பேர் வேண்டாம்*

பண்ணிக்கலாம் தம்பி. செப்டம்பருக்குள்ள முடிச்சுடுங்க, ப்ளேஆஃப் நடக்கற அக்டோபர் வரைக்கும் இழுக்காதீங்க.