கேளுங்கள், சொல்கிறேன்: பித்தும் பைத்தியமும்

கேள்வி: என் பேரனுக்கு ராத்திரி பகலாக கிரிக்கெட்தான். அவனை "கிரிக்கெட் பைத்தியம்" என்று மகன் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். "பைத்தியமாடா நீ" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரே சொல்தானே டீச்சரம்மா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சொல் ஒன்றுதான் அம்மா, நிற்கிற இடம்தான் வேறு. முன்னால் ஒரு பெயர் வந்துவிட்டால், சினிமா பைத்தியம், புத்தகப் பைத்தியம் என்று அது ஆசையின் அளவைச் சொல்கிறது. தனியாக நின்றால் ஆளையே சொல்லிவிடுகிறது. மருமகள் மேல் தப்பில்லை.

பித்து, பைத்தியம் இரண்டுக்கும் மூலம் பித்தம். வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் பித்தம் மிஞ்சித் தலைக்கேறினால் புத்தி தடுமாறும் என்பது பழைய வைத்தியக் கணக்கு. உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்ததும் அதை இறக்கத்தான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் பித்து கோயிலுக்குள் போய்விட்டது, பைத்தியம் தெருவில் நின்றுவிட்டது. "பெற்ற மனம் பித்து" என்கிறோம். அங்கே பைத்தியத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள், வாய் வராது.

வெறி என்ற சொல் பட்ட பாடு இன்னும் பெரிது. சங்கப் பாட்டில் பெண் காதலில் மெலிந்தால், முருகன் அணங்கிவிட்டான், அதாவது பிடித்துக்கொண்டான் என்று தாய் வேலன் என்ற பூசாரியை வரவழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவாள். காரணம் மலைநாட்டுக் காதலன் என்று தோழிக்குத் தெரியும். வெறி என்றால் வாசனை என்றும் பொருள் உண்டு. அப்படிப்பட்ட சொல் குடிவெறி, சாதிவெறி என்று இறங்கிப்போனது. இப்போது பிள்ளைகள் ஒன்றைப் பாராட்ட "வெறித்தனம்" என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, சொல் மறுபடி எழுந்து உட்கார்ந்த மாதிரி.

கிறுக்கு, தலை கிறுகிறுப்பதற்குச் சொந்தக்காரன். ஊமத்தைக்குள் உன்மத்தம், அதாவது பித்து, இருக்கிறது, அதன் காய் செய்கிற வேலையும் அதுதான். "மறை கழண்டவன்" என்று பட்டறைக்காரர் சொன்னதைத்தான் இன்று "லூசு" என்கிறோம்.

கேள்வி: சிவனைப் பித்தன் என்று பாடினால் தேவாரம், மனிதனைச் சொன்னால் வசையா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: இது நம் பக்கத்துக் கதை. புத்தூரில் சுந்தரர் மணமேடையில் இருக்கும்போது ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை" என்றார். சுந்தரர் கோபத்தில் பித்தன் என்றார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு நடந்தது, தோற்றார். அப்புறம், கிழவராக வந்த இறைவன் பாடச் சொன்னபோது என்ன பாடுவது என்று தெரியவில்லை. "என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு" என்றாராம். அப்படிப் பிறந்ததுதான் "பித்தா பிறைசூடி". சொல்லை வாங்கியவரே அதை விரும்பிக் கேட்டார், பாருங்கள். அந்த உரிமை வாங்கியவருக்குத்தான் உண்டு, எறிந்தவருக்கு இல்லை.

பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, 1908-க்கும் 1918-க்கும் இடையில், குள்ளச்சாமி என்று ஒருவர் இங்கே திரிந்தார். சிலர் ஞானி என்றார்கள், சிலர் பித்தன் என்றார்கள். ஒருநாள் அழுக்குக் கந்தை மூட்டையை முதுகில் சுமந்து வந்தார். இது பித்தர் செய்கை அல்லவா என்று பாரதி கேட்டார். நான் வெளியே சுமக்கிறேன், நீ பழங்குப்பையை உள்ளே சுமக்கிறாய் என்று பதில் வந்தது. பாரதி அவரையே குரு என்று எழுதி வைத்தார்.

கேள்வி: என் தம்பி மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். தெருவில் கேட்கிறவர்களுக்கு எந்தச் சொல்லால் பதில் சொல்வது?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தாயி. 31 வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவள், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். நான்காம் வேற்றுமையை விடாதீர்கள். "அவன் காய்ச்சல்" என்று யாரும் சொல்வதில்லை, "அவனுக்குக் காய்ச்சல்" என்கிறோம். சர்க்கரையும் அப்படித்தான். மனசு என்று வந்தால் மட்டும் "கு" விழுந்துபோய் "அவன் பைத்தியம்" என்று ஆளும் நோயும் ஒன்றாகிவிடுகின்றன. "தம்பிக்கு மனநோய் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறான்" என்று சொல்லுங்கள். மனச்சிதைவு, மனச்சோர்வு என்று மருத்துவர் பெயர் சொல்லியிருந்தால் அதையே சொல்லலாம்.

ஆளும் நோயும் ஒன்றானால் என்ன ஆகும் என்று 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் பார்த்தோம். தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியில் கட்டப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் போனார்கள். சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டில் தாங்க முடியாத நாளில் 14416-க்கு, டெலி மானஸுக்கு, போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான அரசு எண், தமிழில் பேசலாம்.

என் சித்தப்பாவுக்கும் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாளெல்லாம் விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருப்பார். பையன்கள் லூசு என்றார்கள், அத்தை பிரமை பிடித்தவன் என்றாள். பாட்டி மட்டும் "அவனுக்கு இன்னும் தெளியல" என்பார். கெடிலத்தில் புதுத் தண்ணி வந்தால் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து, தண்ணீரை ஊற்றி, யாரும் அசைக்காமல் வைத்துவிடுவார். சேறு மெல்ல அடியில் போய் உட்காரும். நான் குடத்துக்குள் எட்டிப் பார்த்தால் "ஆட்டாதடி, அது பாட்டுக்குத் தெளியும்" என்று அதட்டுவார்.

சித்தப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் கடைசி வரை பாட்டி சொன்ன பதில், "தெளிஞ்சுக்கிட்டிருக்கு."