பூவுக்கு வரும் வௌவாலுக்கு வலை போடலாமா?

ஒரு வாசகரின் கேள்வி: "அரை ஏக்கரில் சிவப்புச் சதை டிராகன் பழம் வைத்திருக்கிறேன், ஓரத்தில் நான்கு டுரியன் மரங்களும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் வௌவால்கள் பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கின்றன. காலையில் டிராகன் பூ துவண்டுவிடுகிறது, டுரியன் அடியில் பூ கொட்டிக் கிடக்கிறது. தோட்டம் முழுக்க வலை போட்டுவிடலாமா? வௌவால் பரப்பும் நிபா வைரஸ் பயமும் இருக்கிறது."

பூக்கும் காலத்தில் வலை போடாதீர்கள். காலையில் நீங்கள் பார்ப்பது வௌவால் செய்த சேதம் இல்லை. டிராகன் பூவின் ஆயுளே ஒரு இரவுதான். மாலையில் மலரத் தொடங்கி, நள்ளிரவு வாக்கில் முழுதாக விரிந்து, மறுநாள் காலை வெயில் ஏறும்போது தானே மூடிவிடும். டுரியனும் அப்படித்தான், பிற்பகலில் மலர்ந்து மாலையில் தேனைச் சுரக்கும், நள்ளிரவை ஒட்டி இதழ்களும் மகரந்தத் தாள்களும் உதிரத் தொடங்கிவிடும். யாருமே வராத மரத்தடியிலும் காலையில் அந்தக் குப்பை இருக்கும்.

வௌவால் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே தொழில் செய்வதில்லை. பழுத்ததைக் கடித்துத் தின்னும் பழந்தின்னிகள் உண்டு, அவற்றால் பழ விவசாயிக்கு நஷ்டம் வருவது உண்மை. தேனுண்ணும் வௌவால்கள் வேறு. முகவாய் நீளமாக இருக்கும், பற்கள் சின்னவை, நீண்ட நாக்கின் நுனி தூரிகை மாதிரி இருக்கும். தேனுக்காகத் தலையை உள்ளே நுழைக்கும்போது முகமும் கழுத்தும் மார்பும் மகரந்தத்தால் மூடிப்போகும், அதோடு அடுத்த மரத்துக்குப் பறக்கும். தென்கிழக்காசியாவில் டுரியனுக்கு முக்கியமான ஆள், கூட்டம் கூட்டமாகக் குகைகளில் தங்கும் ஒரு தேனுண்ணி வௌவால். பெரிய பழந்தின்னிகளையும் பூ விஷயத்தில் சட்டென்று எதிரி என்று சொல்லிவிட முடியாது. மலேசியாவின் தியோமான் தீவில் டுரியன் பூக்களுக்கு எதிரே தானியங்கிக் கேமராக்களை வைத்துப் பார்த்தார்கள். அவை பூவை நாசம் செய்யாமல் தேனை மட்டும் நக்கிவிட்டுப் போனது பதிவானது. 2017இல் வெளியான ஆய்வு அது.

டுரியனில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை, ஏற்றாலும் காய் சரியாகப் பிடிக்காது. உங்கள் நான்கு மரங்களும் ஒரே ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் என்றால், மரபு ரீதியாக அவை நான்கும் ஒரே மரம்தான், வௌவால் இரவெல்லாம் சுற்றினாலும் பெரிய பலன் இருக்காது. அருகில் வேறு ரகம் ஒன்றாவது வேண்டும். இதே சிக்கல் சிவப்பு டிராகனிலும் வரும்: பல சிவப்பு ரகங்களுக்கு அயல் மகரந்தம் தேவை, ஆனால் தோட்டம் முழுக்க ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டி நட்டிருப்போம். பழம் சிறுத்துப்போவதற்கு வௌவாலைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். இந்தப் பழத்தின் எடை உள்ளே எத்தனை விதை பிடித்தது என்பதைப் பொறுத்தது, விதையின் எண்ணிக்கை சேர்ந்த மகரந்தத்தைப் பொறுத்தது.

சரி, உங்கள் டிராகன் தோட்டத்தில் உண்மையிலேயே காய் பிடிக்க வைப்பது யார்? அதன் பூர்வீகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் வௌவாலும் அந்துப்பூச்சியும் இந்த வேலையைச் செய்கின்றன. மற்ற நாடுகளில் விடியற்காலையில் பூ மூடுவதற்குள் வரும் தேனீக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. மெக்சிகோவில் டிராகனுக்கு உறவான பிதாயா என்ற கள்ளிப்பழத்தில் வௌவால்கள் பூவை அண்டாமல் தடுத்துப் பார்த்தார்கள், பகலில் வரும் பறவைகளும் பூச்சிகளும் வந்தும்கூட விளைச்சல் 35 சதவீதம் குறைந்தது, கிடைத்த பழத்தின் எடையும் 46 சதவீதம் குறைந்தது. அதே கணக்கு உங்கள் நிலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிராகன் ஒரே சமயத்தில் மொத்தமாகப் பூக்கும் ஒரு பூப்பு அலையில் நீங்களே சோதித்துவிடலாம், செலவு கொஞ்சம் கொசுவலைத் துணிதான்.

அன்று மலரப்போகும் மொட்டுகளை மாலையில் மலர்வதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். ஒரு பகுதியைத் துணிப்பையால் மூடி, விடியும்போது திறந்துவிடுங்கள், அவற்றுக்குத் தேனீ மட்டும் கிடைக்கும். இன்னொரு பகுதியை இரவு முழுக்கத் திறந்து வைத்து, விடிவதற்கு முன் மூடுங்கள், அவற்றுக்கு இரவில் வருபவை மட்டும். மூன்றாவது பகுதி மாலையிலிருந்து பூ மூடும்வரை பைக்குள்ளேயே இருக்கட்டும், தன் மகரந்தத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்று அது சொல்லும். நான்காவது பகுதியில் வேறு ரகத்து மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடியில் (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியில்) தடவிவிட்டு மூடுங்கள். மற்றவற்றைத் தொடாமல் திறந்தே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் பதினைந்து இருபது பூவாவது இருக்கட்டும், எல்லாப் பகுதிகளும் தோட்டம் முழுக்கக் கலந்து பரவியிருக்கட்டும், நிற நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மகரந்தம் சேராத பூ சில நாளில் மஞ்சளாகி உதிரும், சேர்ந்தது ஒரு மாதத்துக்குச் சற்று மேல் எடுத்துப் பழுக்கும். எண்ணிப் பாருங்கள், எடை போடுங்கள். கையால் தடவியதற்கும் திறந்து விட்டதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், உங்களுக்கு வேண்டியது வரிசைகளுக்கு நடுவே இன்னொரு ரகம்.

பழுத்த டிராகனைக் கடிக்கும் வௌவால்களைத் தடுக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் டிராகன் அலை அலையாகப் பூப்பதால் ஒரே தூணில் பழமும் பூவும் சேர்ந்து இருக்கும், முழுத் தோட்டத்தையும் மூடினால் அடுத்த அலையின் காயையும் சேர்த்து இழப்பீர்கள். பழம் நிறம் திரும்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் தனியாக உறை போடுவதே என் பரிந்துரை. எங்காவது வலை போட்டே ஆக வேண்டும் என்றால் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பெரிய கண் உள்ள தொளதொள வலையில் வௌவால் சிக்கினால் இறக்கை கிழிந்து தவித்தே சாகும். டுரியனுக்கு வலையே தேவையில்லை, அந்த முள்தோட்டை எந்த வௌவாலும் கடித்துத் திறக்கப்போவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். பருவமில்லாத காலத்தில் பூக்க வைக்க விளக்குப் போடுபவராக இருந்தால், பூ மலரும் இரவுகளில் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தைப் பல வௌவால்கள் தவிர்க்கும். அப்புறம் அந்த மாலைகளில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது, வௌவால், அந்துப்பூச்சி, காலையில் வரும் தேனீ எல்லாமே அதில் அடிபடும்.

நிபா பற்றி: அந்த வைரஸைச் சுமப்பவை பெரும்பாலும் பெரிய பழந்தின்னி வௌவால்கள். 1998-99இல் மலேசியாவில் பன்றிகள் வழியாகவும், பங்களாதேஷில் வௌவாலின் எச்சிலும் சிறுநீரும் கலந்த பச்சைப் பேரீச்சஞ்சாறு வழியாகவும் மனிதருக்கு வந்தது. பூவில் தேன் குடித்ததால், ஒரு மாதம் கழித்துப் பழுக்கும் பழத்துக்கு வைரஸ் வந்துவிடாது. கவனம் வேண்டியது பழுத்த பழத்தில்தான். கடித்த தடம் உள்ளதையும் கீழே விழுந்து கிடப்பதையும் தின்னவோ விற்கவோ வேண்டாம், ஆடு மாடு பன்றிக்கும் போடாதீர்கள், கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். மற்ற பழங்களை நன்றாகக் கழுவி, தோலை உரித்துச் சாப்பிடலாம். வலையில் சிக்கிய வௌவாலை வெறுங்கையால் விடுவிக்க முயல வேண்டாம், வனத்துறையையோ வனவிலங்கு மீட்பவர்களையோ கூப்பிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படலாம்.