காற்று குளிர்ந்தது சரி, ரசம் என்ன செய்தது?

கேள்வி: 2019 டிசம்பர் 26 காலை, சூரிய கிரகணத்தின்போது எங்கள் மொட்டை மாடி திடீரென்று சில்லிட்டது. காற்றில் விஷம் இறங்குகிறது என்று சொல்லி மாமியார் ரசத்தைக் கொட்டிவிட்டார். கிரகணத்தால் காற்று உண்மையிலேயே மாறுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாறும். ரசத்தைக் கொட்டியதுதான் அநியாயம்.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று வந்த சூரிய கிரகணத்துக்கு, ஒரு வெப்பமானியும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுமாகத் தனுஷ்கோடி மணலில் போய் நின்றேன். (பௌதிக வாத்தியார் புத்தி ஓய்வு பெறுவதில்லை.) பிற்பகல் ஒன்றேகால் வாக்கில், நிலா நடுவை மறைக்க, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரிந்தது; பத்து நிமிடம் நின்றது. இருட்டிவிடவில்லை, சூரியனில் ஆறில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஆனாலும் வெயில் உறைக்கவில்லை, பாதரசம் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், வளையம் உடைந்த பிறகும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. வெயில் பெரும்பாலும் தரையைத்தான் சுட வைக்கிறது. தரைதான் காற்றைச் சுட வைக்கிறது. அதனால்தான் அந்தத் தாமதம். உங்கள் ஊரில் வளையம் தெரிந்தது காலை ஒன்பதரை வாக்கில், அதுவும் மார்கழியில். சில்லென்று இருந்திருக்காதா பின்னே?

தரை குளிர்ந்தால் சூடான காற்று மேலெழுவது நிற்கும். நிலத்தின் மேல் பஞ்சுப்பொதிபோல் திரளும் தாழ்வான மேகங்கள், சூரியனில் சுமார் 15 சதவீதம் மறைந்ததுமே கலையத் தொடங்குவதை ஆப்பிரிக்கா மீதான செயற்கைக்கோள் படங்களில் கண்டிருக்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் எதற்கு என்கிறீர்களா? தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் மின்னேற்றம் பெற்ற அடுக்கு ஒன்று பகலில் மத்திய அலை வானொலியை விழுங்கிவிடுகிறது. இரவில் அது கலைவதால்தான் தொலைதூர நிலையங்கள் கேட்கின்றன. அன்று நட்டநடுப் பகலில், இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்த நிலையம் ஒன்று மெல்ல மேலே வந்தது. பாட்டு என்னவென்று பிடிபடுவதற்குள் வெயில் திரும்பிவிட்டது; அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதே கிரகணத்துக்காக இஸ்ரோ தும்பாவிலிருந்து சிறு ராக்கெட்டுகளை அனுப்பியது. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நாளும் சில.

இத்தனை மாற்றத்திலும் விஷம் எதுவும் இறங்கவில்லை. ரசத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

நம் பக்கம் அடுத்த வளையம் 2031 மே 21 அன்று, நண்பகலை ஒட்டி மதுரை வழியாகப் போகிறது. அக்னி நட்சத்திர வெயில்! நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள்.