ஜெர்மனியில் ஊர்த்துணை இல்லாமல் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள் என்றும், பிரசவத்துக்கு ஊருக்கே வந்துவிடும்படி வீட்டார் வற்புறுத்துகிறார்கள் என்றும், ஜெர்மனியிலேயே பெற்றுக்கொண்டு கணவனும் மனைவியுமாகச் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மகள் பிறந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஆனால் முதல் பத்து நாட்களுக்கு வீட்டுக்கு வரும் மருத்துவச்சி ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கும்பகோணத்திலிருந்து அம்மா பிரசவத்துக்கு முன்பே வந்துவிடுவார் என்று நம்பியிருந்தோம். விசா தாமதமானதால், குழந்தை பிறந்து 12 நாட்கள் கழித்துத்தான் வர முடிந்தது. அந்த 12 நாட்களில் வேலை என்னை வாட்டவில்லை. சமையலையும் துணி துவைப்பதையும் கணவர் பார்த்துக்கொண்டார். குழந்தை ஏன் அழுகிறது, இந்த அழுகை சரிதானா என்று கேட்க அருகில் பெரியவர் ஒருவரும் இல்லை என்பதுதான் வாட்டியது. அதிகாலை மூன்று மணிக்குப் பாலூட்ட எழும்போது ஊரில் ஏழரை மணி. அம்மா விழித்திருப்பார் என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் கைபேசித் திரையில் பார்த்துக் குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா என்று சொல்ல அவராலும் முடியவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் மருத்துவச்சி. இங்கே அவரை 'ஹெபாமெ' என்பார்கள். முதல் பத்து நாட்கள் தினமும், அதன்பின் குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்வரை தேவைக்கேற்பவும் வீட்டுக்கு வருவார். செலவை அரசுசார் மருத்துவக் காப்பீடு ஏற்கும். நான்காம் நாள் அவர் தம் பையிலிருந்து துணி ஒன்றையும் கொக்கி வைத்த சிறிய தராசையும் எடுத்து, குழந்தையைத் துணிக்குள் கிடத்தி, முனைகளைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். பிறந்தபோது 3,100 கிராம் இருந்தவள் 2,860 கிராம்தான் இருந்தாள். எனக்குப் பால் போதவில்லை என்று அழுதுவிட்டேன். முதல் சில நாட்களில் எடை இப்படிக் குறைவது இயல்பு என்று சொன்ன அவர், ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருக்கவும், அதன் முகவாய் மார்பில் படும்படி அணைத்துக்கொள்ளவும் கற்றுத்தந்தார். ஒரு வாரத்துக்குள் நாளொன்றுக்கு ஆறு டயப்பராவது நனைந்தால் பால் போதுகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். அந்த எண்ணிக்கையை எழுதிவைத்த தாளை இன்னும் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அம்மா வந்த மறுநாள் அதே தராசில் எடை 3,130 ஆகியிருந்தது. "தூளியில போட்டில்லடி நிறுக்கிறாங்க!" என்று அம்மா வியந்தார், அன்றிலிருந்து மருத்துவச்சி சொன்னதை அவர் தட்டவே இல்லை. நாவில் தொட்டு வைக்க ஊரிலிருந்து தேன் கொண்டு வந்திருந்தார். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஆபத்தானவை என்று விளக்கியதும், மறுபேச்சின்றிப் புட்டியை எடுத்து வைத்துவிட்டார். சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்றானது. எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவதையோ மருத்துவச்சி ரசித்துப் பார்த்தார். எனக்கு வைத்த பூண்டுக் குழம்புக்கும் தடை சொல்லவில்லை. பெரியவர்களின் கைப்பக்குவத்தையும் இங்குள்ளோர் அறிவுரையையும் எதிரெதிராக நிறுத்தாமல், இருவரையும் நேரில் பேசவிடுங்கள். நான் இடையில் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

தாயாரின் வருகையை எப்போது வைத்துக்கொள்வது என்பதையும் யோசியுங்கள். சுற்றுலா விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அழைத்துவிட்டால், குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்போது அவர் விமானம் ஏற வேண்டியிருக்கும். குழந்தை பிறந்ததும் தந்தைக்குத் தானாகக் கிடைக்கும் விடுப்பு என்று இங்கே ஒன்று இல்லை. பெற்றோர் விடுப்பு வேண்டுமென்றால் ஏழு வாரம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதால், உங்கள் கணவரை இப்போதே அதற்கான நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காகித வேலைகளில் இரண்டுக்கு மட்டும் அவசரம் உண்டு. பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும்; ஆகவே திருமணச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். குடும்பப் பெயர் எது என்று கேட்பார்கள். முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய நாம் அதை மருத்துவமனைப் படுக்கையில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பெற்றோர் உதவித்தொகை பெரும்பாலோருக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 65 முதல் 67 விழுக்காடு. அடிப்படைத் தொகை மாதம் 300 யூரோவுக்குக் குறையாது, 1,800 யூரோவைத் தாண்டாது. தாமதமாக விண்ணப்பித்தால் கடந்துபோன மாதங்களில் மூன்றுக்கு மட்டுமே கிடைக்கும்.

மருத்துவச்சிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதால், கருவுற்றது உறுதியானதுமே பலர் பதிவு செய்துவிடுகிறார்கள். ஐந்தாம் மாதம் சற்றுத் தாமதம்தான், ஆனாலும் கைவிட வேண்டாம். உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையிலும் பட்டியல் கேளுங்கள். இடமில்லை என்று சொல்பவரிடமே தெரிந்த வேறொருவரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அப்படித்தான் பதினோராவது அழைப்பில் ஒருவர் கிடைத்தார்.