அந்தி வெயிலில் குடும்பப் படம்: தில்லி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டிசம்பர் நடுவில் என் கணவரின் மணிவிழா இராமகிருஷ்ணபுரம் மலைமந்திரில் நடைபெறவிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வரும் உறவினரையும் சேர்த்து நாங்கள் 11 பேர். அன்று மாலை, ஹுமாயூன் சமாதியின் முன்னே மஞ்சள் வெயிலில் குடும்பப் படம் எடுக்கவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. 82 வயதான என் மாமியாரோ, “மங்கல நாளும் அதுவுமாகச் சமாதி முன்னால் போய் நிற்பதா?” என்கிறார். என்ன செய்யலாம்? எத்தனை மணிக்குக் கிளம்புவது?
- வாசகி, மயூர் விஹார்

பதில்: பிள்ளைகளின் ஆசையில் குற்றமில்லை. ஆனால் இந்த முறை உங்கள் மாமியார் சொல்வதைக் கேட்பது படத்துக்கும் நல்லது. ஹுமாயூன் சமாதி ஆளுயரத்தைவிடப் பலமடங்கு உயர்ந்த மேடையின்மேல் நிற்கிறது. அதற்கு ஏறும் படிகள் செங்குத்தானவை என்பதால், 82 வயதுப் பெரியவரை ஏற்றி இறக்குவதற்குள் வெயில் போய்விடும். கீழேயே நின்று எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் அன்று உடுத்தியிருக்கப்போவது பெரும்பாலும் அரக்குக் கூறைப்புடவையாகத்தான் இருக்கும். பின்னால் இருப்பதோ செம்மணற்கல் சுவர். சாயும் வெயில் பட்டால் அது இன்னும் சிவந்து, புடவையும் சுவரும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 

லோதி தோட்டத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, பாதைகள் சமதளமானவை, அந்தி சாய்ந்த பிறகும் தோட்டம் திறந்திருக்கும். அங்கும் சமாதிகள்தானே இருக்கின்றன என்று மாமியார் கேட்பார், கேட்கட்டும். சையத் அரசர் முகம்மது ஷாவும் சிக்கந்தர் லோதியும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தின் நடுவே உள்ள படா கும்பத்துக்குள் கல்லறை எதுவும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், லோதிகள் காலத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தை, அருகிலுள்ள மசூதிக்கு வாயிலாகக் கட்டப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள். மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வாக்குவாதம் வேண்டாம். கும்பத்தின் சுவர்களில் சாம்பல் நிறக் கல்லே மிகுதி என்பதால், உங்கள் அரக்கும் சரிகையும் அதன் முன்னே தனித்துத் தெரியும். மற்றவர்கள் மயில் நீலமோ சந்தன நிறமோ உடுத்தினால் போதும். எல்லோரும் ஒரே நிறத்தில் வருவது எனக்கு உவப்பான வழக்கமன்று.

இனி நேரம். டிசம்பர் நடுவில் தில்லியில் சூரியன் ஏறக்குறைய மாலை 5.25க்கு மறைகிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் மறையும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே முன்பின்னாக மாறும். தில்லியில் டிசம்பருக்கும் ஜூனுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம் உண்டு. ஊரிலிருந்து வருபவர்கள் “ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். புகைப்படக்காரர்கள் ‘கோல்டன் அவர்’, அதாவது பொன்வெயில் நேரம், என்று சொல்வதும் இங்கே ஒரு முழு மணி நேரம் இருக்காது. சூரியன் தொடுவானத்துக்கு ஆறு பாகை உயரத்திலிருந்து முற்றிலும் இறங்க அரை மணி நேரம்தான் ஆகும். குளிர்காலப் புகைமூட்டம் சேர்ந்துகொண்டால், மறைவதற்கு முன்பே சூரியன் வெளிறிய வட்டமாகி மங்கிவிடுவதையும் நாம் பார்க்கிறோம். எனவே 4.15க்கே இடத்தில் இருங்கள். மணமக்களைப் போல் நிற்கும் உங்கள் இருவரையும் 5 மணிக்குக்கூட எடுக்கலாம். மாமியார் அமர்ந்திருக்கும் முழுக் குடும்பப் படத்தை 4.40க்குள் முடித்துவிட வேண்டும், ஏனெனில் குளிர் ஏறத் தொடங்கியபின் அவரை அங்கே உட்காரவைப்பது நியாயமன்று. மடக்கு நாற்காலி ஒன்றும் சால்வையும் மறவாதீர்கள்.

டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால், கட்டடத்தின் தெற்கு, மேற்குச் சுவர்களில் வெயில் படியும். 11 பேரையும் வெயிலை நேருக்கு நேர் பார்க்கவைத்தால் அத்தனை கண்களும் சுருங்கிவிடும். வெளிச்சம் ஒரு தோளின் பக்கமாகச் சாய்ந்து வரும்படி நிறுத்தினால் முகங்களுக்குத் திரட்சி கிடைக்கும், சரிகையும் மின்னும். நிழல் விழும் பக்கத்தில் ஒருவர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால், வாடகைக்கு எடுக்கும் பிரதிபலிப்பான் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் தலையைச் சற்றே தாழ்த்தினால் கண்ணாடியில் வானம் தெரியாது.

கேள்வி: சென்ற ஆண்டு புராணா கிலாவில் மாலை வெயிலில் கைபேசியில் எடுத்த படங்களில் முகங்கள் கறுத்தும், வெயில் வெளுத்தும் வந்திருக்கின்றன. கண்ணால் பார்த்த பொன்னிறம் எங்கே போயிற்று?
- வாசகர், கரோல் பாக்

பதில்: கைபேசிதான் அதை அழித்தது. தாழ்ந்த சூரியனின் ஒளி காற்றுமண்டலத்தை நெடுந்தூரம் ஊடுருவி வருவதால், நீலம் வழியிலேயே சிதறி, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. கைபேசியின் தானியங்கி வெண்சமநிலை, அதாவது வொயிட் பேலன்ஸ், இந்த மஞ்சளைப் பிழையென்று கருதித் திருத்திவிடுகிறது. கேமராவில் அளவுகளை நாமே மாற்றக்கூடிய புரோ நிலைக்குச் சென்று அதைப் பகலொளி என்பதில், ஏறத்தாழ 5500 கெல்வினில், நிறுத்திவையுங்கள். முகம் கறுத்ததற்குக் காரணம் பின்னால் இருந்த பிரகாசமான வானம். திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியளவை விரலால் சற்று உயர்த்துங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். இதோடு ஒரு வார்த்தை: முகத்தை வெளிச்சமாக்குவது வேறு, வெள்ளையாக்குவது வேறு. கைபேசியின் அழகுபடுத்தும் வசதியை அணைத்துவையுங்கள். நம் மாநிறத்தின்மேல் அந்தி வெயில் படும் அழகை அது மாவு பூசி மறைத்துவிடுகிறது.

கேள்வி: தொழில்முறைப் புகைப்படக்காரரை அழைத்துச் சென்றால் அனுமதி வேண்டுமா?
- வாசகி, ஜனக்புரி

பதில்: தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் கையில் பிடித்த கேமராவோடு குடும்பத்தார் படம் எடுப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. முக்காலி, விளக்குக் கம்பம் போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோன் பேச்சையே எடுக்காதீர்கள். லோதி தோட்டத்தைப் பராமரிப்பது புது தில்லி நகராட்சி மன்றம் என்பதால், தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அங்கேயும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தைப் புகைப்படக்காரரே வாங்கித் தருவாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.