கேன்சர் ஆராய்ச்சிக்கு பிசிக்ஸ் எதற்கு என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். "பயோ-மேத்ஸ் படிக்கிற பெண், நீட் எழுத மாட்டேன் என்கிறாள். கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகணுமாம், அதற்கு பிசிக்ஸ் வேண்டுமாம். குழம்பிவிட்டாளோ?" என்று கேட்டிருந்தீர்கள். குழம்பவில்லை. அவள் சொல்லும் துறைக்கு மெக்கானோபயாலஜி என்று பெயர். இழுவிசை, அழுத்தம், இறுக்கம் எல்லாம் செல்லை என்ன செய்கின்றன என்று பார்க்கும் துறை.

மார்பில் கட்டி என்று போனால் டாக்டர் முதலில் விரலால் அழுத்திப் பார்ப்பார், இல்லையா? அந்தக் கடினத்தை நோயின் விளைவாகத்தான் வெகுகாலம் பார்த்தார்கள். 2005-ல் அமெரிக்காவில் வேலரி வீவரின் குழு அதை அளந்தது. எலியின் இயல்பான பால்சுரப்பித் திசுவின் இறுக்கம் சுமார் 170 பாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு), கட்டியின் இறுக்கம் சுமார் 4,000 பாஸ்கல். அப்புறம் வெவ்வேறு இறுக்கமுள்ள ஜெல்களில் மார்பகச் செல்களை வளர்த்தார்கள். மென்மையான ஜெல்லில் ஒழுங்கான உருண்டைகளாக அமைந்த அதே சாதாரணச் செல்கள், கடினமான ஜெல்லில் கலைந்து தாறுமாறாகப் பெருகின. கடினமே நோயைத் தூண்டலாம் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

கடற்கரை மணலில் ஓடினால் கால் புதையும், தார் ரோட்டில் உந்தி ஓடலாம். செல்லுக்கும் அப்படித்தான். அது தன்னைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற புரத நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. நார் விறைப்பாக இருந்தால் பிடி கிடைக்கிறது, இன்னும் பலமாக இழுக்கிறது. "பெருகு, நகரு" என்ற சமிக்ஞை உள்ளே போகிறது. இழுபட்டு நேராகும் நார்கள் செல் வெளியேறத் தண்டவாளம் மாதிரி ஆகிவிடுகின்றன. நார்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு இறுக்குவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. 2009-ல் அதே குழு எலிகளில் அதைத் தடுத்தபோது திசுவின் இறுக்கம் குறைந்தது, கட்டி முற்றுவதும் தாமதமானது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. கட்டி கல் மாதிரி இருந்தாலும், உள்ளே இருக்கும் கேன்சர் செல் பல சமயம் சாதாரணச் செல்லைவிட மெத்தென்று இருக்கும். அதனால்தான் குறுகிய இடுக்கிலும் நசுங்கி நுழைந்துவிடுகிறது. இதை அளக்க விசையும் மீள்தன்மையும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் பிசிக்ஸ் கேட்பது இதற்குத்தான்.

மருந்து கைக்கு வந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். லைசில் ஆக்சிடேஸின் உறவுக்கார நொதியைத் தடுக்கும் சிம்டுசுமாப் என்ற மருந்து, கணையப் புற்றுநோய் நோயாளிகளிடம் பலன் தரவில்லை. எலிக்கும் மனிதருக்கும் நடுவில் தூரம் அதிகம்.

சரி, வழிக்கு வருவோம். நான் முதலில் சொல்வது ஐசர், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். நமக்குப் பக்கத்தில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்று நாலிலும் தலா 15 கேள்விகள். பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு இதைவிடத் தோதான தேர்வு எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம், அல்லது பி.டெக். பயோடெக்னாலஜி முடித்து மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதலாம். எதில் சேர்ந்தாலும் பைத்தான் என்ற கணினி மொழியும் மைக்ராஸ்கோப் படங்களைக் கணினியில் அலசுவதும் பழகட்டும்.

பணம்தான் உங்கள் உண்மையான கவலை என்று புரிகிறது. பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கையைக் கடிக்காது, ஆனால் வீட்டுக் கடனையும் அடைக்காது. 28 வயதுக்கு முன்பே அவள் சம்பாத்தியத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை இந்தக் கேள்வியைக் கேட்காமலே பயோடெக் சேரச் சொன்னேன். நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அந்தத் தப்பு என்னுடையது.

அடுத்த வாரம் வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவள் மட்டும் பேசட்டும்.